சுறா பார்க்கக் கிளம்பும் முன் படகுக்காரரைப் பாருங்கள்

சுறாக்களோடு டைவ் செய்யப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்த கேள்வி "கடிக்காதா?" என்பதுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தப் பயணங்களில் வயிற்றைப் பிசைந்த நேரங்கள் எனக்கும் உண்டு, ஆனால் அதில் ஒன்றுக்குக்கூடச் சுறா காரணம் கிடையாது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ மேலே வந்து பார்த்தால் படகைக் காணோம், டேங்கைத் திறந்தால் காற்றோடு எண்ணெய் வாடையும் சேர்ந்து வருகிறது, கைடு எங்கே என்று திரும்பினால் அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார், இந்த மாதிரிதான். எல்லாம் போய் நிற்பது ஒரே இடத்தில்: யாரோடு போனோம்?

ஆபரேட்டரை, அதாவது படகும் கைடும் ஏற்பாடு செய்து டைவுக்குக் கூட்டிப்போகிறவரை, தேடுவதற்கு முன்னால் எந்தச் சுறா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சுறா மாறினால் டைவே வேறு. வெள்ளைச்சுறாவைக் கூண்டுக்குள் நின்று பார்க்கப் பெரும்பாலும் டைவிங் சான்றிதழே தேவையில்லை. மாலத்தீவின் தெற்கு ஆரியிலோ ஆஸ்திரேலியாவின் நிங்கலூவிலோ திமிங்கலச் சுறாவோடு நீந்த மேற்பரப்பில் மிதந்தபடி மூச்சு விட உதவும் ஸ்நார்க்கல் குழாய் போதும். பிலிப்பைன்ஸின் மலபாஸ்குவாவில் த்ரெஷர் சுறாவைப் பார்க்கப் பெரும்பாலும் அதிகாலையிலேயே படகேறுவார்கள், கீழே அசையாமல் காத்திருக்க வேண்டும். பஹாமாஸின் டைகர் பீச்சில் ஆழம் ரொம்பக் குறைவு, மணல்தரை, ஆனால் இரை வைத்துப் புலிச்சுறாக்களை அழைப்பார்கள். கலாபகஸ் தீவுகளின் டார்வின், உல்ஃப் பக்கம் கூட்டம் கூட்டமாக வரும் கொம்பன் (சுத்தியல் தலை) சுறாக்களைப் பார்க்க வேண்டுமென்றால் படகிலேயே தங்கிப் போகும் லிவபோர்டுதான் வழி, நீரோட்டமும் சாதாரணமாக இருக்காது. இத்தனைக்கும் பொதுவாக "சிறந்த சுறா டைவ் ஆபரேட்டர்" என்று ஒருவர் இருக்க முடியாது. கூண்டு இறக்குவதில் கைதேர்ந்தவருக்கு நீரோட்டத்தில் ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

நான் செய்வது இதுதான். மூன்று நான்கு பேரைப் பொறுக்கி எடுத்து எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புவேன். விலை, கடைசியில். முதலில் கேட்பது: கடந்த இரண்டு வாரத்தில் என்ன பார்த்தீர்கள், ஒரு கைடுக்கு எத்தனை பேர், இரை வைப்பீர்களா, வைத்தால் எப்படி, கடைசியாக எப்போது ஒரு டைவை ரத்து செய்தீர்கள், ஏன்? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ரத்தே செய்ததில்லை என்று பெருமையாகப் பதில் போட்டவரும் உண்டு. கடலில் தொழில் செய்கிற ஒருவர் ரத்தே செய்ததில்லை என்றால், போகக் கூடாத நாளிலும் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். இன்னொருவர், "போன செவ்வாய்க்கிழமை அலை பெரிதாக இருந்தது, ஏணியில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து என்று திரும்பிவிட்டோம், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்" என்று எழுதியிருந்தார். கோபித்துக்கொண்ட அந்த இரண்டு பேரைப் பற்றியும் மறைக்காமல் எழுதியதே எனக்குப் பிடித்துப்போனது.

அவர் என்னையும் விடவில்லை. கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், மொத்தம் எத்தனை, நீரோட்டத்தில் பழக்கம் உண்டா, இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மார்க்கர் பலூனை நீங்களே மேலே விடுவீர்களா அல்லது யாராவது விட்டுத்தந்துதான் பழக்கமா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டிருந்தார். பணம் கொடுக்கிற நம்மையே குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் என்னை இப்படிக் கேட்கிறவர் அதே படகில் வரும் மற்றவர்களையும் கேட்டிருப்பார் இல்லையா? சுறா டைவில் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஆள் பதறி மேலே கிளம்பினால் அது என் பிரச்சினையும்தான். எகிப்தில் பிரதர்ஸ், டீடலஸ் மாதிரித் தொலைவான திட்டுகளுக்குப் போக குறைந்தது 50 டைவ் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி. "அதெல்லாம் பார்த்துக்கலாம், வாங்க" என்று சொல்கிற ஆபரேட்டர் உங்களுக்குச் சலுகை கொடுக்கவில்லை, உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேரையும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"நிச்சயம் காட்டுகிறோம்" என்ற வாக்குறுதி வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். சுறா யார் பேச்சையும் கேட்டு வருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் வெள்ளைச்சுறாவுக்கே தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். 2017இல் ஓர்க்கா திமிங்கலங்கள் அங்கே வெள்ளைச்சுறாக்களை வேட்டையாடத் தொடங்கின, கொல்லப்பட்ட சுறாக்கள் கரை ஒதுங்கின, ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போட்டிருந்தன. அதற்கப்புறம் வெள்ளைச்சுறாக்கள் அந்தப் பக்கம் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்றைக்கு அங்கே கூண்டில் இறங்கினால் பெரும்பாலும் தென்படுவது செம்புச் சுறாக்கள். அதுவும் அழகுதான், ஆனால் பல வருடங்களுக்கு முன்னால் எடுத்த வெள்ளைச்சுறாப் படத்தை இன்னும் முகப்பில் போட்டு ஆள் பிடிப்பது வேறு விஷயம். நேர்மையான ஆபரேட்டர் "இந்த மாதம் இதுதான் வருகிறது, வெள்ளைச்சுறா அதிர்ஷ்டம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். மெக்சிகோவின் குவாடலூப் தீவில் இன்னும் மோசம், 2023 ஜனவரியில் வெள்ளைச்சுறாச் சுற்றுலாவையே அரசு மொத்தமாகத் தடை செய்துவிட்டது. அதனால் முன்பணம் கட்டும்போது, அரசு தடை போட்டால் என்ன ஆகும், வானிலை கெட்டால் என்ன ஆகும், படகு பழுதானால் என்ன ஆகும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வானிலைக்குப் பணம் திரும்பாது என்று பலரும் வைத்திருப்பார்கள், அது நியாயம்தான். படகு பழுதுக்கும் திரும்பாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் படிப்பேன். அதைவிட உருப்படியானது வாடிக்கையாளர்கள் போட்ட படங்கள். டைவர்கள் பவளத்தின் மேல் முட்டிபோட்டிருக்கிறார்களா, கைகள் உடம்போடு ஒட்டி இருக்கின்றனவா அல்லது ஆளாளுக்குச் சுறாவைத் தொட நீட்டிக்கொண்டிருக்கிறார்களா, ஒரு கைடு பின்பக்கம் பார்த்தபடி நிற்கிறாரா? ஆபரேட்டர் போடும் படங்களில் இதெல்லாம் மாட்டாது, வாடிக்கையாளர் படத்தில் மாட்டும். சுறாவின் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிற படம் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த ஆபரேட்டரை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

நண்பர்கள் பதிவு செய்திருந்த ஒரு பயணத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். காலையில் படகு கிளம்பி, இன்ஜின் காதைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது கைடு பிரீஃபிங்கை, அதாவது இறங்கும் முன் சொல்லும் விளக்கத்தை, ஆரம்பித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையைக் காட்டினார், சிரித்தார், கட்டைவிரலை உயர்த்தினார், முடிந்தது. பெஞ்சுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஆக்சிஜன் என்று எழுதிய பெட்டி ஒன்று இருந்தது, டைவ் விபத்துக்கான முதலுதவி அது. பார்க்கலாமா என்று கேட்டேன். திறந்தால் உள்ளே உபரி மாஸ்க்குகள், ஒரு கயிறு, பாதி காலியான சன்ஸ்கிரீன். அவற்றுக்கு அடியில் சிலிண்டர், அளவு காட்டும் கேஜின் முள் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே. "இது வரைக்கும் தேவைப்பட்டதே இல்லை சார்" என்றார் படகோட்டி. உண்மையாகவே ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

அன்றைக்கு நான் இறங்கவில்லை. படகிலேயே உட்கார்ந்துகொண்டேன். நண்பர்கள் இறங்கினார்கள், சுறா பார்த்தார்கள், சந்தோஷமாக மேலே வந்தார்கள், ஒரு கீறல்கூட இல்லை. "நீதான் விட்டுட்டே" என்று இன்றுவரை கிண்டல் ஓடுகிறது. ஓடட்டும். காலி சிலிண்டரோடு போய் ஒன்றும் ஆகாமல் திரும்பி வருகிற நாட்கள்தான் அதிகம், அதனால்தான் அந்தச் சிலிண்டர் காலியாகவே இருக்கிறது.

இப்போதெல்லாம் படகில் கால் வைத்ததும் ஆக்சிஜனைத் திறந்து காட்டச் சொல்வது பழக்கமாகிவிட்டது. முறையாக நடத்துகிறவர்கள் முகம் சுளிப்பதே இல்லை, சிலர் கேட்காமலேயே காட்டுகிறார்கள். டேங்கையும் அப்படித்தான், வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை மூக்கருகே விட்டுப் பாருங்கள், எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்த டேங்க் வேண்டாம். வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மூக்குக்குத் தெரியாது என்பதால், காற்றைப் பரிசோதிக்கும் கருவி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதும் தப்பில்லை. வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரில் நாலைந்து முறை வேகமாக மூச்சிழுத்துக்கொண்டே கேஜைப் பாருங்கள், முள் ஆடினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை.

மாலத்தீவின் தென்கோடியில் ஃபுவஹ்முலா என்று ஒரு தீவு. அங்கே துறைமுகத்தில் கொட்டிய மீன் கழிவுக்குப் பழகிப்போய்ப் புலிச்சுறாக்கள் வருடம் முழுக்க அந்த வாயிலருகே சுற்றுகின்றன. மேலே சொன்ன, "இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்" என்று எழுதியவரோடு அங்கேதான் டைவுக்குப் போனேன். பிரீஃபிங் கரையிலேயே நடந்தது, வெள்ளைப்பலகையில் ஒவ்வொருவர் இடத்தையும் புள்ளி வைத்துக் காட்டினார். கையுறை கறுப்பு, தலைக்கும் கறுப்பு உறை, ஏனென்றால் இரை இருக்கும் இடத்தில் வெளிறிய கை அசைந்தால் மீன் துண்டு மாதிரித் தெரியும். பளபளக்கிற துடுப்புக்காலணி போட்டிருந்த ஒருவரை, "இதோடு வர வேண்டாம், கடையில் கறுப்பு இருக்கிறது, வாடகை வேண்டாம்" என்று மாற்ற வைத்தார். அவருக்கு ரோஷம் வந்தது. இவர் அசையவில்லை.

கீழே வரிசையாகத் தரையோடு தரையாக இருந்தோம். முன்னால் ஒருவர் மீன் தலையைக் கல்லுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார், எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் குழாய்க் கம்போடு எதிர்ப்பக்கம் பார்த்தபடி. புலிச்சுறா நிதானமாக வரும். அவசரமே படாது, வந்து, பார்த்து, வளைந்து போகும், அப்புறம் நாம் பார்க்காத பக்கமாகத் திரும்ப வரும். ஒன்று என் இடது தோள்பக்கமாக வந்ததைப் பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டியபோதுதான் கவனித்தேன். அவர் உள்ளங்கையை அதன் மூக்குக்கு மேலே தட்டையாக வைத்தார், தள்ளவில்லை, அது வந்த வேகத்திலேயே கொஞ்சம் திசை மாறிப் போனது. அந்த நொடியில் அதன் கண்ணை மூடிய வெள்ளைச் சவ்வு வரைக்கும் தெரிந்தது. எனக்கு அன்றைக்குப் பயம் வரவில்லை என்றால் என் தைரியம் காரணமில்லை, அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இரை வைப்பது சரியா தவறா என்ற சண்டை ஓயப்போவதில்லை. ஃப்ளோரிடா மாநிலக் கடலில் 2002இலிருந்து டைவர்கள் மீனுக்கு உணவு போடுவதே தடை. ஹவாயிலும் சுறாக்களுக்கு இரை போடக் கூடாது. ஃபிஜியின் பெக்கா பக்கமோ 2004இல் ஷார்க் ரீஃப் காப்பகத்தை ஏற்படுத்தி, டைவர்களிடம் வாங்கும் கட்டணம் அந்தப் பகுதிக் கிராமங்களுக்குப் போகிற மாதிரி செய்தார்கள், கிராமங்களும் அங்கே மீன் பிடிப்பதை விட்டுக்கொடுத்தன. பஹாமாஸ் 2011இல் வணிகத்துக்காகச் சுறா பிடிப்பதையே தடை செய்ததில் டைவ் சுற்றுலாவின் வருமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இரை என்றாலே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படி வைக்கிறார்கள் என்பதில் கறாராக இருப்பேன். பெட்டிக்குள் வைத்து வாசனை மட்டும் விடுகிறவர், ஒரே ஆள் ஒரே இடத்தில் கொடுக்கிறவர், இவர்கள் ஒரு ரகம். டைவர்களின் தலைக்கு மேலே மீனைத் தூவிவிட்டு அதைப் படம் எடுக்கச் சொல்கிறவர் இன்னொரு ரகம். சுறாவைத் தலைகீழாகத் திருப்பி மயக்க நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டும் வித்தையும் எனக்கு ஒப்பவில்லை. பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப்பில் தினமும் கையால் ஊட்டி வளர்த்த திமிங்கலச் சுறாக்கள் படகைக் கண்டால் தானே வந்து ஒட்டுகின்றன, அடுத்த கடலில் அதே தைரியத்தோடு ஒரு வேகப்படகின் ப்ரொப்பெல்லரை நெருங்கினால் அதற்கு என்ன ஆகும்? நிங்கலூவில் அதே விலங்கிடமிருந்து உடம்புக்கு 3 மீட்டர், வாலுக்கு 4 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் தண்ணீரில். உங்கள் ஆபரேட்டர் இந்த மாதிரி விதிகளைக் கேட்காமலேயே சொல்கிறாரா, நீங்கள் கேட்ட பிறகு "ஆமாம், ஆமாம்" என்கிறாரா என்று கவனியுங்கள்.

லிவபோர்டு என்றால் எல்லோரும் கேமரா மேஜை எவ்வளவு பெரிது, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறார்கள். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள், கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். விழித்திருந்து சுற்றிவர வேண்டிய இரவுக் காவல் ஆள் அன்றைக்கு இல்லை. கீழேயிருந்து வெளியேற வழி இரண்டு இருந்தது, ஆனால் இரண்டும் போய் முடிந்தது தீ எரிந்துகொண்டிருந்த அதே அறையில். அந்தக் கேப்டன் பின்னர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. எனவே முதல் நாள் மாலை, சாமான்களைப் பிரிப்பதற்கு முன்னால், இரண்டாவது வழியில் நீங்களே ஏறிப் பாருங்கள், அது வேறு இடத்தில்தான் திறக்கிறதா என்று. இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று பெயரைக் கேளுங்கள். லித்தியம் பேட்டரிகளை ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் போட விடுகிறார்களா என்பதையும். முழுக்க நனைந்துபோன நாலு டைவுக்குப் பிறகு இதெல்லாம் செய்யச் சோம்பலாக இருக்கும், அதனால்தான் முதல் நாளே.

கொஞ்சம் அலுப்பான விஷயம், ஆனால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: மருத்துவப் படிவம். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சமீபத்திய அறுவை சிகிச்சை மாதிரி ஏதாவதுக்கு "ஆம்" என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். நல்ல ஆபரேட்டர் படிவத்தைப் பதிவு செய்யும்போதே அனுப்பிவிடுவார். படகுத்துறையில் நீட்டி, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க" என்று சொல்கிறவர் உங்கள் காப்பீட்டுக்கும் சேர்த்து வேட்டு வைக்கிறார். காப்பீடு என்றால் சாதாரணப் பயணக் காப்பீடு போதாது, டைவிங் விபத்தையும், அதற்கு உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறைச் சிகிச்சையையும் அது ஏற்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். அப்புறம் அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பதில் தூரமாக இருக்கலாம், தொலைவான தீவுகளில் அப்படித்தான் இருக்கும், பரவாயில்லை. பதிலே இல்லாமல் இருப்பதுதான் கவலை.

முதல் டைவே சுறா டைவாக வைக்கிறவர்களையும் நான் தவிர்க்கிறேன். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் ஒரு சாதாரண டைவ், கட்டியிருக்கும் எடை சரியாக இருக்கிறதா, மாஸ்க்கில் தண்ணீர் போனால் பதறுகிறோமா என்று கைடு நம்மைப் பார்த்துக்கொள்ள. சில பேர் இதைப் பணம் பிடுங்க வைத்த டைவ் என்று நினைக்கிறார்கள். வாடகை ரெகுலேட்டர் லேசாகக் காற்றைக் கசியவிடுவதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இப்படி ஒரு டைவ்தான்.

திரும்பும் விமானத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் கடைசி டைவ் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, விமானத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல், ஒற்றை டைவ் என்றால் 12. பலர் பாதுகாப்புக்கு 24 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஃபுவஹ்முலா ஆள் என்னிடம் விமான நேரத்தைப் பதிவுப் படிவத்திலேயே வாங்கியிருந்தார். கடைசி நாள் காலையில் இன்னொரு டைவுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, வேண்டுமானால் ஸ்நார்க்கல் போங்கள் என்றார்.